ஆமை நடை (சென்னை)

ஆமை நடை என்பது சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் கடல் ஆமைகளைப் பாதுகாக்கவும், அவற்றைப் பற்றி மாணவர்களும் பொதுமக்களும் நேரில் அறிந்துகொள்ளவும் நடத்தப்படும் இரவுக் களப்பயணம் ஆகும். இது ஆண்டுதோறும் சனவரி முதல் ஏப்ரல் வரையிலான முட்டையிடும் பருவத்தில் நடைபெறுகிறது.

வரலாறு

1970களின் தொடக்கத்தில் ரோமுலசு விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ஆர்வலர்களும் இம்முயற்சியைத் தொடங்கினர். 1988 இல் மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு வலையமைப்பை உருவாக்கினர். அதன் தன்னார்வலர்கள் வனத்துறையின் அனுமதியுடன் இப்பணியைத் தொடர்கின்றனர்.

பங்குனி ஆமை

சென்னைக் கரைக்குப் பெரும்பாலும் வருவது பங்குனி ஆமை. பெண் ஆமை மணலில் குழி தோண்டி ஒருமுறைக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் இவ்வாமை இடம்பெற்றுள்ளது.

நடைபெறும் முறை

முதலில் தன்னார்வலர்கள் ஆமைகளைப் பற்றி விளக்குவர். பின்னர் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி நள்ளிரவு கடந்தும் நடப்பர். ஆமையின் தடத்தைப் பின்பற்றி முட்டைக் குழியைக் கண்டறிந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பர். நாய்களிடமிருந்தும் மனிதர்களிடமிருந்தும் முட்டைகளைக் காக்க இது தேவைப்படுகிறது. கடலின் மெல்லிய ஒளியை நோக்கிச் செல்ல வேண்டிய குஞ்சுகள் தெருவிளக்குகளை நோக்கிச் சென்று மடிவதையும் இது தடுக்கிறது.

வடசென்னைக் கடற்கரை

தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் பகுதி மாணவர்களுக்குக் கடல் அருகிலேயே உள்ளது. எனினும் ஆமை முட்டையிடுவதைக் காண அவர்கள் தென்சென்னைக்குச் செல்ல வேண்டியுள்ளது. இதற்குக் காரணம் மணல். இக்கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கடல் அரிப்பு ஏற்பட்டது. வீடுகளையும் சாலையையும் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அக்கற்களின் மேல் ஏறி ஆமையால் முட்டையிட இயலாது.

2025 சனவரியில் சென்னைக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுத்திணறி இறந்துவிடும். சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவியை வலையில் பொருத்துவது இதற்கு ஒரு தீர்வாகும்.

கல்விப் பயன்

உயிரியல் பாடத்துடன் துறைமுகம், தெருவிளக்கு, மீன்பிடி வலை ஆகியவை ஓர் உயிரினத்தின் வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் மாணவர்கள் இந்நடையில் கற்கின்றனர். மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு இது வீட்டிலும் பேசக்கூடிய செய்தியாகும்.