தேடினால் கிடைக்கும் தீர்ப்பும் இன்று செல்லும் தீர்ப்பும்

மத்தியச் சட்டங்களை இந்தியா கோட் தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023-இல் தொடங்கப்பட்ட இ-எஸ்சிஆர் தளத்திலும் கட்டணமின்றிப் படிக்க முடிவது சாமானியருக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆயினும் ஒரு தீர்ப்பு கைக்குக் கிடைப்பது வேறு, அது இன்றும் செல்லுபடியாகிறதா என்று அறிவது வேறு. இணையத் தேடல் முதல் வேலையை முடித்துவிட்டு, இரண்டாவதைப் பெரும்பாலும் படிப்பவர் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறது.

பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கு இதற்குத் தக்க சான்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 1989-இல் திருத்திய தமிழ்நாடு, மகளைக் கூட்டுரிமையாளராக, அதாவது பிறப்பாலேயே பங்குக்கு உரியவராக ஏற்றாலும், அத்திருத்தத்துக்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருந்தால் மட்டுமே மகளுக்குப் பங்குண்டு என்று 2015-இல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு கூறியது. உரிமை பிறப்பால் வருவதால் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூவர் அமர்வு அதை மாற்றியது. ஆனால் 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதை விளக்கி அன்று எழுதப்பட்ட கட்டுரைகளும் இன்றும் இணையத்தில் இருக்கின்றன; 2003-இல் தந்தையை இழந்த ஒரு பெண் அவற்றை மட்டும் படித்து, வழக்கே தொடுக்காமல் ஒதுங்கிவிட்டால், தேடல் அவருக்கு அநீதியே இழைத்ததாகும். 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் படித்தாலும் போதாது; 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையைத் திருத்தம் தொடாது என்ற விதிவிலக்கையும் சட்டத்தில் பார்த்தாக வேண்டும்.

செல்லுபடியாகும் தீர்ப்பிலும் எல்லா வரிகளுக்கும் ஒரே வலிமை இல்லை. முடிவுக்கு அடிப்படையான காரணமே கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். நீதிபதி போகிற போக்கில் சொல்லும் கருத்துக்கு அந்த வலிமை கிடையாது. தேடிய சொல் எந்தப் பத்தியில் இருந்தாலும் அதை எடுத்துக் காட்டும் தேடுபொறி, வழக்கறிஞரின் வாதத்தைத் தீர்ப்பு எடுத்துரைக்கும் பத்தியையும் அப்படியே காட்டிவிடும்.

செல்லாததைச் செல்லும் என்று கருதிவிடும் இடர் சாமானியரோடு நிற்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்த பிறகும் காவல் நிலையங்களில் அதன்கீழ் வழக்குகள் பதிவாகிவந்தன. சட்டப் புத்தகங்களில் பிரிவு முழுவதும் அச்சாகி, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் மட்டும் இருப்பதை 2021-இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரே நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டினார். இத்தகைய தவறைத் தவிர்க்க உதவும் வகையில், பல சட்ட நூலகங்களில் கிடைக்கும் கட்டணத் தரவுத்தளங்கள், ஒரு தீர்ப்பைப் பின்னர் வந்த எந்த அமர்வு ஏற்றது, எது மறுத்தது என்பதைத் தீர்ப்பின் தலைப்பிலேயே காட்டுகின்றன.