தேயிலையை அரைத்து ஒரு சோறு

ஹோட்டல்களில் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஹக்கா யார் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா, சகோதரிகளே? நான் யோசித்ததில்லை. மலேசியாவில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, போன தை மாதம் குன்னூருக்கு வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

"அக்கா, இத்தனை தேயிலைக்கு நடுவுல உட்கார்ந்துகிட்டு டீ போட்டுக் குடிக்கிறதோட சரியா? எங்க ஊர்ல சோத்துல ஊத்திச் சாப்பிடுறாங்க!" என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஹக்கா என்றால் 'விருந்தாளிக் குடும்பம்' என்று பொருளாம். வடக்கிலிருந்து தென் சீனாவுக்கு வந்து, அங்கிருந்து தைவான், மலேசியா என்று பரவிய மக்கள். கல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிட்டவர்களும் இவர்களே. இவர்களுடைய 'லேய் ச்சா'தான் தங்கை சொன்ன சாப்பாடு. 'லேய்' என்றால் அரைப்பது. வானத்து இடிக்கும் ஏறக்குறைய அதே ஓசை என்பதால் இங்கிலீஷில் 'இடித் தேநீர்' ஆகிவிட்டது. நமக்கும் இடிப்பதும் இடியும் ஒரே சொல்தானே!

சீனர்கள் நீலகிரிக்குப் புதியவர்கள் அல்லர். 1860களில் நடுவட்டத்துச் சிங்கோனா தோட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காய்கறி பயிரிட்டு வாழ்ந்த சீனக் குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909ல் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தச் சோறு என் அடுப்புக்கு வந்தது அவர்கள் வழியாக அல்ல, தங்கையின் பக்கத்து வீட்டு ஹக்கா அம்மாள் வழியாக.

அந்த அம்மாள் உள்ளே வரி வரியாகக் கீறிய மண் சட்டியில், கொய்யாக் கட்டையால் அரைப்பாராம். நமக்கு அம்மி போதும். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி இலை கறுத்துவிடுகிறது. நாலு பேருக்கு, பச்சைத் தேயிலை (கிரீன் டீ) 2 டீஸ்பூன், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை அரைக் கப், வறுத்த எள் 2 மேஜைக்கரண்டி. இவற்றோடு புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை ஒவ்வொரு கைப்பிடி. உப்புச் சேர்த்து வெண்ணெயாக அரைத்து, கொதிக்கும் நீர் நாலு கப் ஊற்றிக் கலக்குங்கள். மறுபடி அடுப்பில் வைக்க வேண்டாம்.

காராமணிக்காய், முட்டைகோஸ், கேரட், ஏதாவது ஒரு கீரை, சோயாபீன்ஸ் பனீர் - எல்லாவற்றையும் பொடியாக நறுக்கித் தனித்தனியாக வதக்க வேண்டும். ஒன்றாகப் போட்டு வதக்கினால் அது நம் பொரியல்! சோற்றின் மேல் இவற்றைப் பரப்பி, மேலே வறுத்த கடலை தூவி, பச்சைத் தேநீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டியதுதான். சீனப் புத்தாண்டின் ஏழாம் நாள் ஏழு காய்கறிகளோடு செய்வது அவர்கள் வழக்கம். முதல் வாய் கசக்கும். மூன்றாம் வாய்க்குப் பழகிவிடும்.

கொழுந்தையே பறித்துப் போடலாமே என்று எதிரே உள்ள தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், "மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுன்னு தெரியாம வாயில வைக்காதீங்கம்மா" என்று தடுத்தார். அவர் சொன்னதுதான் சரி.

எல்லாம் தயார். பிரசவத்துக்குப் பிறகு என்னிடம் இருக்கும் மகளுக்குத் தட்டை நீட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். "அம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க?"

சுருக்கென்றது. அவளுக்கு ஹீமோகுளோபின் 9. தேயிலையின் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ கூடாது, இரும்பு மாத்திரையோடு கூடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் டாக்டர். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் என் மகளும் ஒருத்தி என்பதை ஒரு புதுச் சமையல் ஆசையில் மறந்துவிட்டேனே!

அவளுக்கு மட்டும் தேயிலை இல்லாமல் மறுபடி அரைத்தேன். ஊற்றியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். புளிப்பிலுள்ள வைட்டமின் 'சி' இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். கீரையைக் கண்டாலே ஓடுகிறவள், தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இப்போது வாரம் இரண்டு நாள் அதுதான். சின்னக் குழந்தைகளுக்கும் தேயிலை இல்லாமலே செய்யுங்கள். மேலே தூவும் முழுக் கடலையும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

வேண்டிய அளவே அரையுங்கள். மிச்சத்தை மறுநாள் வைத்துக் குடித்துப் பார்த்தேன். கஷாயம் தோற்றது, போங்கள்!