மூலையில் கிடக்கும் மரம் அறுக்கும் மெஷின்கள்

2018 நவம்பர் 16ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதித் தென்னைகளைச் சாய்த்தபோது, மரம் அறுக்க ஆளும் மெஷினும் கிடைக்காமல் பலர் தவித்தனர். அதற்குப் பயந்து நீங்களும் ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வைத்திருக்கலாம். அவற்றில் எத்தனை இன்று ஓடும்?

ஓடித் தேய்வதைவிட, சும்மா கிடந்துதான் இவை அதிகம் கெடுகின்றன. பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் பிசின் படியும். உள்ளே உள்ள டயாபிரம் விறைத்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓட விடுங்கள். செயினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவுங்கள். உரமூட்டை அருகே மட்டும் வைக்காதீர்கள், இரும்பை அரித்துவிடும்.

பல கம்பெனி மெஷின் இருந்தால் ஆயில் கலவையில்தான் வம்பு. ஒன்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், இன்னொன்றுக்கு 40 மில்லி. 40 கேட்கும் மெஷினில் 20 கலவையை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் உள்ள அளவை டேங்க் மேலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். பல் தீட்டும் அரமும் செயினுக்குச் செயின் மாறும்.

பராமரிக்க முடியாததை விற்றுவிடுங்கள். மீதியைப் புரட்டாசியிலேயே ஸ்டார்ட் செய்து, ஒரு கட்டையை அறுத்துப் பாருங்கள்.