ஏழாயிரம் டாலரும் ஒரு சக்கர நாற்காலியும்

‘எல் மரியாச்சி’ படத்தில் கேமரா நகரும் காட்சிகளைப் பாருங்கள். டிராலி மாதிரி தெரிகிறதா? டிராலி கிடையாது, சக்கர நாற்காலி! ராபர்ட் ரோட்ரிக்ஸ் கேமராவோடு அதில் உட்கார்ந்துகொள்ள, பின்னாலிருந்து ஒருவர் தள்ளுகிறார். இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் எல்லாமே அவர்தான். வயது இருபத்து மூன்று!

பத்துப் பிள்ளைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவர். தம்பி தங்கைகளையே நடிக்க வைத்து ‘பெட்ஹெட்’ என்ற குறும்படத்தை எடுத்து முடித்த கையோடு முழுநீளப் படத்துக்குக் கிளம்பிவிட்டார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? டெக்சஸில் ஒரு மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்தார். ஒரு மாதம் உள்ளே அடைபட்டுக் கிடந்தால் 3,000 டாலர். கதையை எழுதியதும் அங்கேதான், வில்லன் பீட்டர் மார்க்கார்ட் கிடைத்ததும் அங்கேதான்! அந்த மனிதருக்கு ஸ்பானிஷ் தெரியாது. படமோ முழுக்க ஸ்பானிஷ்.

படப்பிடிப்பு நடந்தது மெக்சிகோவின் சியுதாத் அக்குன்யாவில். நாயகன் கார்லோஸ் கயார்தோவின் சொந்த ஊர். இரவல் கேமராவில் வசனம் பதிவாகாது. நடிகர்களை அதே இடத்தில் மறுபடி பேசவைத்துத் தனியாகப் பதிவு செய்து, பிறகு படத்தோடு ஒட்டினார். உதடும் குரலும் விலகினால் அந்த நொடியில் சட்டென்று நாயின் முகத்துக்குக் கட்! அந்தப் படத்தின் படபடப்பான வேகத்துக்கு இந்தத் திண்டாட்டம் பெரிய காரணம். அதனாலேயே அந்த வேகம் எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது.

ஆரம்பத்தில் நாயகன் ஓர் இளநீர் வாங்குவான். காசு கொடுப்பதைப் படமெடுக்க மறந்துவிட்டார்கள். திரும்பப் போய் எடுக்க வேண்டாம் என்று, அங்கே இளநீர் இலவசம் என்று பின்னணிக் குரலில் சொல்லவைத்துவிட்டார்! நடுரோட்டில் ஊர்ந்து வந்த ஆமையையும் விடவில்லை, அதுவும் படத்தில் இருக்கிறது.

சுமார் 7,000 டாலரில் முடிந்த இந்தப் படம் ஸ்பானிஷ் வீடியோ கடைகளுக்காக எடுக்கப்பட்டது. கொலம்பியா பிக்சர்ஸ் வாங்கி, அதைவிடப் பல மடங்கு செலவு செய்து திரையரங்குக்குத் தயார்படுத்தியது. 1993-ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் பார்வையாளர் விருதையும் தட்டிச்சென்றது!

அடுத்த முறை பார்க்கும்போது துப்பாக்கிச் சண்டையில் கண் வையுங்கள். துப்பாக்கிகள் பலவும் நிஜம். ஆனால் வெற்றுத் தோட்டாவை ஒருமுறை சுட்டாலே சிக்கிக்கொள்ளும். ஒரே ஒரு வெடியைப் பல கோணங்களில் எடுத்து அடுக்கி, மேலே இயந்திரத் துப்பாக்கிச் சத்தத்தைப் பூசினார். தரையில் சிதறும் தோட்டா உறைகளை நடிகர்களே கீழே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!