கோட்டில் தொடங்கும் தொழில்
வணிக ஓவியம் பயிலும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்

பிளஸ் டூ தேர்வெழுதிய பிள்ளை, "நான் வணிக ஓவியம் படிக்க விரும்புகிறேன்" என்று சொன்னால் நம் இல்லங்கள் பலவற்றில் சற்று நேரம் மௌனம் நிலவும். வாப்பாவுக்கு, இதில் பிழைக்க முடியுமா என்னும் கவலை. உம்மாவுக்கு, படம் வரைவது மார்க்கத்தில் ஆகுமா என்னும் அச்சம். இரண்டுமே நியாயமான கேள்விகள். இவற்றைத் தட்டிக் கழிக்காமல் விடை காண்பதே பிள்ளைக்கு நாம் செய்யும் நன்மையாகும்.

முதலில் மார்க்கத்தின் கேள்வியைக் காண்போம். உருவங்கள் வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறினார். அவருக்கு நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்த அவர்கள், வரைந்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். இச்செய்தி புகாரி நூலில் பதிவாகியுள்ளது. உயிருள்ளவற்றை வரைவது பற்றி அறிஞர்களிடையே விரிவான விளக்கங்கள் உண்டு. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். ஆயினும் பெட்டி, உறை, பெயர்ப் பலகை, நிறுவனச் சின்னம், திருமண அழைப்பிதழ், நூல் முகப்பு என வணிக ஓவியத்தின் பெரும்பகுதி எழுத்தாலும் வடிவத்தாலும் வண்ணத்தாலும் அமைவதே. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே ஒரு கலைஞனுக்கு வாழ்நாள் முழுவதும் வேலை இருக்கிறது.

அளவே அழகு

இத்துறை நமக்குப் புதியதன்று. அப்பாஸிய ஆட்சியில் அமைச்சராயிருந்து கி.பி. 940-இல் மறைந்த இப்னு முக்லா, அரபு எழுத்துக்கு அளவுமுறை வகுத்தவர். நாணற் பேனாவைச் சாய்த்து ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். அலிஃபின் உயரத்தை இத்தனை புள்ளி என்று கணக்கிட்டார். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தை வைத்து மற்ற எழுத்துகளின் வளைவுகளை ஒழுங்குபடுத்தினார். ஒரு புள்ளியிலிருந்து எழுத்து முழுமைக்கும் அளவு பிறந்தது! இன்று வடிவமைப்பாளர் 'விகிதம்' என்று பயில்வது இதைத்தான்.

நீங்களும் செய்து பாருங்கள். காம்பஸால் ஒரு வட்டம் போடுங்கள். செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரு விட்டங்கள் வரைந்து, அவை வட்டத்தைத் தொடும் நான்கு புள்ளிகளை இணையுங்கள், சதுரம் கிடைக்கும். அந்த விட்டங்களுக்கு நடுவே மேலும் இரு விட்டங்கள் வரைந்து, அவற்றின் முனைகளையும் அவ்வாறே இணையுங்கள். எட்டு முனை நட்சத்திரம் பிறக்கும். ஸ்பெயினில் கிரனடா நகரின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களை அணிசெய்யும் வடிவங்களும் இத்தகைய வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டவையே. டச்சு ஓவியர் எஷர் 1922-இலும் 1936-இலும் அங்குச் சென்று அவ்வடிவங்களால் ஈர்க்கப்பட்டார்.

ஐந்து விதிகள்

பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றுக்கு முகப்பு அமைப்பதாகக் கொள்வோம்.

முதலாவது முதன்மை. பார்ப்பவர் கண் எதில் முதலில் விழ வேண்டும்? பழத்தின் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா? ஒன்றைத் தேர்ந்து அதையே பெரிதாக்குக. எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் பெரிதாகத் தோன்றாது.

இரண்டாவது வேறுபாடு. கருஞ்சிவப்பின்மேல் கறுப்பு எழுத்து மங்கிப் போகும். வெளிர்மஞ்சள் எழுத்து எட்டி நின்றாலும் தெரியும்.

மூன்றாவது சமநிலை. இடப்பக்கம் ஒரு பெரிய பேரீச்ச மரம் இருப்பின், வலப்பக்கம் சிறிய ஆனால் அடர்ந்த எழுத்து அதற்கு ஈடு கொடுக்கும். தராசில் சிறிய இரும்புக் கல் பெரிய பஞ்சுப் பொதிக்கு ஈடாவது போல.

நான்காவது ஒருமை. இரண்டு எழுத்து வகைகள், மூன்று வண்ணங்கள் என்று தொடக்கத்தில் எல்லை வகுத்துக்கொள்க.

ஐந்தாவது வெற்றிடம். காலியாக விட்ட இடம் வீணான இடமன்று. மற்றவற்றைப் பேச வைக்கும் இடம் அதுவே.

பென்சிலே முதல் ஆசான்

கணினி வந்துவிட்ட பின் பென்சில் எதற்கு என்று மாணவர் கேட்கின்றனர். கணினி வரைந்து தரும்; எதை வரைவது என்று சிந்தித்துத் தராது. இரண்டு அங்குல அகலத்தில் பன்னிரண்டு சிறு கட்டங்கள் போட்டு, ஒரே பெட்டிக்குப் பன்னிரண்டு அமைப்புகளைக் கோட்டுருவாக்குங்கள். முதல் மூன்றும் எங்கோ பார்த்தவையாக இருக்கும். உங்களுடையது பெரும்பாலும் அதன் பின்னரே வரும்.

ஹெச்.பி. பென்சிலால் இலேசாகத் தொடங்கி, 2பி, 4பி பென்சில்களால் நிழல் சேருங்கள். சமையலறைத் தம்ளரே நல்ல பயிற்சிப் பொருள். மேலிருந்து பார்க்கையில் அதன் வாயும் அடியும் நீள்வட்டமாகத் தோன்றும். கண்மட்டத்திலிருந்து தாழத் தாழ அந்நீள்வட்டம் அகலும். எனவே வாயைவிட அடியின் வளைவு மிகுதியாக அமைய வேண்டும். பலர் அடியை நேர்கோடாக்கிவிட்டுத் தம்ளர் ஏன் நிற்கவில்லை என்று வியப்பர். கோப்பை வரையும்போது பிடியை மட்டும் நோக்காது, பிடிக்குள் இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை நோக்குங்கள். பிடி தானே சரியாக அமையும்.

ஆறு அங்குலப் படத்தை ஆறு அடிப் பலகைக்கு மாற்ற வேண்டுமா? படத்தில் அரை அங்குலக் கட்டங்களும், பலகையில் ஆறு அங்குலக் கட்டங்களும் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெயர்த்தெழுதுக. சின்னம் வரைந்தால், அதைக் கறுப்பு வெள்ளையில் ஓர் அங்குல அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் அதுவே நல்ல சின்னம்.

நாணயமும் ஒரு விதி

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட அவர்கள், மோசடி செய்வோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். பெட்டியின் மேல் கொழுத்த பழத்தை வரைந்து உள்ளே வற்றிய பழத்தை இடுவதற்கு உதவும் ஓவியனும் அந்த ஈரத்தை மறைப்பவனே. இவ்விதியைக் கல்லூரி கற்பிக்காவிடினும் இல்லம் கற்பித்தல் வேண்டும்.

பெற்றோரே! 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. கும்பகோணத்திலும் அரசுக் கவின் கலைக் கல்லூரி உண்டு. ஆனால் அங்குச் செல்லுமுன் பிள்ளையிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, மூன்று மாதம் நாள்தோறும் ஒரு பக்கம் வரையச் சொல்லுங்கள். நோட்டு நிறைந்துவிட்டால், ஆர்வம் உண்மையானது என்று அறியலாம். பாதியில் நின்றுவிட்டால், அதையும் செலவின்றி அறிந்துகொண்டீர்கள். நிறைந்த நோட்டுடன் வரும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். துஆச் செய்து அனுப்பி வையுங்கள். அவன் கைக்கோடு ஒரு குடும்பத்தின் ஹலாலான உணவாக மலரும், இன்ஷா அல்லாஹ்.