மனநோவைச் சொல்வது புறங்கூறலாகுமா?

நபித்துவத்தின் பத்தாம் ஆண்டில், துணைவியார் கதீஜா நாயகி (ரலி) அவர்களையும், தம்மை வளர்த்த பெரிய தந்தையார் அபூதாலிப் அவர்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடுத்தடுத்து இழந்தார்கள். அந்த ஆண்டுக்கு 'ஆமுல் ஹுஸ்ன்', அதாவது துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் வழங்குகிறது. மகன் யூசுஃபைப் பிரிந்த வேதனையில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. இவர்களுக்கு ஈமான் குறைந்துவிட்டது என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? ஆயினும் நம் வீட்டில் ஒருவர் மனம் சோர்ந்து படுத்துவிட்டால், "தொழுகை சரியில்லை, அதனால்தான்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

திருப்பூர் வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பனியன் தொழிலின் முன்னோடிகளுள் குலாம் காதர் என்ற முஸ்லிம் பெருமகனாரும் ஒருவர். அந்நாள் தொட்டு நம் மக்கள் இத்தொழிலில் முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் இருந்து வருகின்றனர். பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் மிஷினில் குனிந்திருப்பவரும், ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து அடுப்பு மூட்டும் பெண்ணும், ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞரும் தம் மனத்தை யாரிடம் திறப்பது? 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தபோதும் எத்தனையோ வீடுகளில் உறக்கம் போயிற்று. கடனை எண்ணியும் மகள் திருமணத்தை எண்ணியும் கலங்கியவர்கள் அதை வெளியே சொல்லவில்லை.

சொல்லாது மறைப்பதன் விலை என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6 நமக்குக் காட்டியது. அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் சிக்கினர். 28 உயிர்கள் போயின. அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் பகைவரல்லர்; ஷிஃபா கிடைக்கும் என்று நம்பிய பெற்றோரும் உடன்பிறந்தோருமே. பின்னாளில் அதே ஏர்வாடியில் துஆவோடு தவாவும், அதாவது மருந்தும், கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்துள்ளது. மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று பகையன்று. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதில், உடல்நோய்க்கு மட்டும் என்ற வரம்பு எதுவும் இல்லை.

ஆலோசகரின் அறையில் என்னதான் நடக்கிறது? சுமார் முக்கால் மணி நேரம் நீங்கள் பேசுவீர்கள், அவர் கேட்பார். உறக்கம், பசி, கவலை, குடும்பம் பற்றி வினவுவார். உங்களை அலைக்கழிக்கும் எண்ணத்தைத் தாளில் எழுதச் சொல்வார். அது எந்த அளவுக்கு உண்மை என்று உங்களையே ஆராயச் செய்வார். ஒரே அமர்வில் எல்லாம் தீராது. பல வாரங்கள் ஆகலாம். இது மேலைநாட்டுச் சரக்கு என்று முகம் சுளிப்போர் அபூஸைத் அல்பல்கீயைக் கேள்விப்படாதவர்கள். 934-இல் மறைந்த அப்பேரறிஞர், உடல்நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு நூல் இயற்றினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் புலப்படாத துயரம் வேறு என்று பிரித்தார். வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல், நலமாயிருக்கும் நாளிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கவும் சொன்னார்.

மார்க்கப் பற்றுள்ள பெண்மணிகளுக்கு வேறொரு தயக்கம் உண்டு. கணவரின் குறையை, மாமியாரின் கடுஞ்சொல்லை அந்நியரிடம் சொல்வது கீபத் ஆகாதா என்பதே அது. நியாயமான அச்சம்தான். ஆனால் ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் அபூசுஃப்யான் செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று நபிகளாரிடமே முறையிட்டார்கள். புறங்கூறாதே என்று நபிகளார் கண்டிக்கவில்லை. வழக்கப்படி தேவையானதை எடுத்துக்கொள்ள வழி கூறினார்கள். இமாம் நவவீ அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துக் கூறுகிறார்கள். தீங்கை நீக்க உதவி தேடுவது அவற்றுள் ஒன்று. சிகிச்சைக்குத் தேவையான அளவில் ஆலோசகரிடம் சொல்வதும் இதில் அடங்கும் என்பது எம் கருத்து. ஐயம் தீராதவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். நீங்கள் சொல்வது ஆலோசகரிடம் அமானிதம். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலொழிய அதை வெளியிடுவது அவர் தொழில் நெறிக்கு விரோதம். பெண் ஆலோசகர் வேண்டும் என்று கேட்கலாம், அதில் கூச்சமென்ன?

'ஆலோசகர்' என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள்; ஆகவே என்ன படித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சுவழிச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவராய் இருத்தல் வேண்டும். செலவுக்கு அஞ்சுவோர் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். வெளியே செல்ல இயலாதவர்களும், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் தலைகாட்டுவோரும் 14416 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது; இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மருந்து உட்கொள்வோர் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல மாத்திரைகளை ஸஹர், இஃப்தார் வேளைகளுக்கு மாற்றித் தர அவரால் இயலும். இயலாத மருந்தானால், நோயாளி நோன்பைப் பிற்பாடு நோற்றுக்கொள்ளத் திருமறையே இடமளித்திருக்கிறது. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது.