வால்வு ஸ்பிரிங்

வால்வு ஸ்பிரிங் அல்லது வால்வு சுருள்வில் என்பது, எஞ்சினில் கேம் தண்டு திறந்துவிடும் வால்வை மீண்டும் மூடும் எஃகுச் சுருள் ஆகும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்டது போன்ற பந்தயத் தடங்களில் ஓடும் கார்களில் இதன் வேலை மிகக் கடினமானது. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது.

உடையக் காரணங்கள்

உலோகச் சோர்வு, மேற்பரப்புக் கீறல், துரு, சுருளில் எழும் ஒத்ததிர்வு, தவறான கியர் மாற்றத்தால் வரும் மிகைவேகம் ஆகியவை முக்கியக் காரணங்கள். ஸ்பிரிங் உடைந்தால் எஞ்சின் சீராக ஓடாது. வால்வு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் உடையும். இதைத் தவிர்க்கப் பல பந்தய எஞ்சின்களில் ஒன்றனுள் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரு சுருள்கள் உள்ளன. வெளிச்சுருள் உடைந்தாலும் உட்சுருள் வால்வைத் தாங்கும்.

மாற்றும் முறை

வால்வு பிஸ்டனில் மோதாதிருந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங்கை மாற்றலாம்.

1. அந்த சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, எஞ்சின் சுழலாதபடி நிறுத்த வேண்டும்.
2. மேல்மூடியையும் வால்வை அழுத்தும் பாகங்களையும் கழற்ற வேண்டும்.
3. ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினால் வால்வு கீழே விழாது.
4. ஸ்பிரிங்கை அழுத்தி, வால்வு லாக் எனப்படும் இரு சிறு துண்டுகளை எடுக்க வேண்டும்.
5. வால்வு தண்டு வளையவில்லை என உறுதிசெய்து, எண்ணெய் சீலையும் ஸ்பிரிங்கையும் புதிதாகப் பொருத்தி, உயரத்தை அளக்க வேண்டும்.

இயக்குமுன் எஞ்சினைக் கையால் இரு முழுச் சுற்றுகள் சுழற்றிப் பார்ப்பது அவசியம். மற்ற ஸ்பிரிங்குகளும் அதே அளவு உழைத்தவை என்பதால், ஒன்று உடைந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்றுவதே பாதுகாப்பு.